ஹேமாவதிக்கு வராத பாஷை

ஹேமாவதிக்கு இப்போது இருபத்தைந்து வயது. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு மொத்த மருந்துக் கடையில் பில் போடுகிறாள். யாருக்கும் பயப்படாதவள் என்று கடையில் பெயர். சரக்கு இறக்க வருகிற லாரிக்காரர்களே அவளிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அவளுடைய புருஷனுக்கு மட்டும் வேறு கதை தெரியும். வீட்டுக்குள் நுழைந்து கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராவிட்டால், ஹேமா முதலில் திரும்பி வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்ப்பாள். ஆளும் இல்லை, செருப்பும் இல்லை என்றால் நிம்மதி, கடைக்குப் போயிருக்கிறான். செருப்பு இருந்து ஆள் இல்லையென்றால் போச்சு. மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன அந்த மனுஷன் இறங்கி வருவதற்குள் முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "செருப்பப் பாத்து பயப்படுற பொம்பளைய இங்கதான் பாக்குறேன்" என்று அவன் சிரிப்பான். சிரிக்கட்டும். பதினைந்து வயதில் அவள் பட்டதை அவன் பட்டிருந்தால் அவனும் செருப்பைத்தான் பார்ப்பான்.

அப்போது அவர்கள் மேனாம்பேட்டில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தார்கள். அப்பா பக்தவத்சலம் திருமழிசையில் ஒரு கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர். ஒரு காலத்தில் சம்பள நாளன்று அவரை ரோட்டோரத்திலிருந்து தூக்கி வர ஆள் தேட வேண்டியிருந்தது. அந்தக் குடியிலிருந்து அவரை மீட்டது ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் நடந்த சின்ன சபை. பாஸ்டர் ஐயா அவருக்குப் பவுல் என்று பெயர் வைத்தார். சபையில் பிரதர் பவுல், கம்பெனியில் பக்தா. பெயர் எதுவானால் என்ன, மனுஷன் மாலையில் தெளிந்த கண்ணோடு வீடு திரும்பினார். அந்த ஒன்றுக்காகவே அம்மா வசந்தகுமாரி சபை சொன்னதையெல்லாம் கேட்டாள். பூ, பொட்டு, தோடு, வளையல் எல்லாம் போயின. டிவி போயிற்று. யாருக்கும் வருத்தமில்லை. குடிகாரன் வீட்டில் நிம்மதியாகத் தூங்கக் கிடைத்தால், தோடு என்ன பெரிய தோடு.

சபையில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று அபிஷேகம். ஆவியானவர் ஒருவர்மேல் இறங்கினால் அவருடைய நாக்கு தானாகப் புரளும். உலகத்தில் யாருக்கும் தெரியாத அந்நிய பாஷை வாயிலிருந்து கொட்டும். அதுதான் அடையாளம். இரண்டாவது, வருகை. ஒருநாள் வானத்தில் எக்காளம் ஊதும். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆயத்தமாக இருக்கிறவர்கள் அப்படியே மறைந்து மேலே போய்விடுவார்கள். மற்றவர்கள் இங்கேயே கைவிடப்படுவார்கள். அடையாளம் இல்லாதவர் ஆயத்தமானவரா என்று பாஸ்டர் ஐயா ஒருநாளும் நேராகச் சொன்னதில்லை. சொல்ல வேண்டுமா என்ன? கூட்டிக் கழித்துப் பார்க்க ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குத் தெரியாதா?

அம்மாவுக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கும் வந்துவிட்டது. தங்கை சௌம்யாவுக்கு எட்டு வயதில், முன்பல் இரண்டும் விழுந்திருந்த நேரத்தில் வந்தது. கை தட்டிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று கண்ணைச் சொருகிக்கொண்டு பொக்கை வாயால் பொழிந்து தள்ளிவிட்டது. சபையே எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னது. ஹேமாவுக்கு மட்டும் வரவில்லை.

வாலிபப் பெண்கள் ஐந்தாறு பேர் கூட்டம் முடிந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து பேசுவார்கள். நடுவில் ஜெமிமா இருப்பாள். பாஸ்டருடைய மகள், பதினேழு வயது. அவள் கையை உயர்த்தினால் மழை பெய்கிற மாதிரி பாஷை பெய்யும். தங்களுக்கு அது எப்படி வந்தது என்று ஒவ்வொருத்தியும் சொல்வாள். ஒருத்திக்கு உடம்பெல்லாம் கரண்ட் பாய்ந்த மாதிரி இருந்ததாம். இன்னொருத்திக்கு நாக்கில் தேன் விட்ட மாதிரி. ஹேமா தலையாட்டிக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்திருப்பாள். யாரும் அவளைக் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "உனக்காக நாங்க ஜெபிச்சிட்டுதான் இருக்கோம் ஹேமா" என்று தோளைத் தட்டுவார்கள். அந்தத் தட்டு ஒவ்வொன்றும் நெஞ்சில் விழும்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் போக்கிடம் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. பொட்டில்லாத நெற்றி, பூவில்லாத தலை, சினிமாப் பேச்சு வந்தால் மூடிக்கொள்ளும் வாய். பள்ளிக்கூடத்தில் அவள் சபைப் பெண். சபையிலோ இன்னும் வராத பெண்.

அந்த வருடம் தெற்கேயிருந்து ஒரு பிரசங்கியார் வந்து மூன்று நாள் கூட்டம் நடத்தினார். கடைசி நாள் அவர் பேசியது வருகையைப் பற்றி. "அம்மா அடுப்புல இட்லி வெச்சிருப்பா. பொண்ணு தட்டோட உக்காந்திருக்கும். ஆவி வந்திச்சேன்னு பொண்ணு போய் மூடியத் தொறந்து பாக்கும். இட்லி இருக்கும். அம்மா இருக்கமாட்டா. அம்மா, அம்மான்னு தெருத்தெருவா ஓடும். எங்க ஓடுனாலும் அம்மா கெடைக்கமாட்டா" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். குடித்தவருக்குத் தாகம் தணிந்தது. அன்றிலிருந்து வீட்டில் இட்லி வெந்தால் ஹேமா அடுப்படியை விட்டு நகரமாட்டாள். அம்மா சமையலறையில் சத்தமில்லாமல் இருந்தால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய் எட்டிப் பார்ப்பாள். குளியலறைக் கதவைத் தட்டி, "உள்ள யாரு?" என்று கேட்பாள். "இன்னாடி, குளிக்கக்கூட உடமாட்டியா?" என்று உள்ளேயிருந்து திட்டு வந்தால்தான் அவளுக்கு உயிர் வரும்.

அடுத்த மாதமே காத்திருப்புக் கூட்டம் வைத்தார்கள். இன்னும் அபிஷேகம் பெறாதவர்களை முன்னால் முழங்கால் போட வைத்து, பெற்றவர்கள் சுற்றி நின்று தலையில் கை வைத்து ஜெபிப்பார்கள். அன்றைக்கு முழங்கால் போட்டவர்களில் ஒரு வயதானவரும், ஆவடியிலிருந்து புதிதாக வந்த ஒரு தம்பதியும், ஹேமாவும் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தத் தம்பதிக்கு வந்தது. பிறகு பெரியவருக்கு வந்தது. பாக்கி ஒருத்திதான். சபை முழுவதும் அவளைச் சுற்றி வந்து நின்றது. தலையில் எத்தனை கைகள் என்று தெரியவில்லை. ஃபேன் காற்று நின்றுவிட்டது. "பெற்றுக்கொள்! நாக்கை விட்டுக்கொடு மகளே!" என்று பாஸ்டர் ஐயா கத்தினார். எல்லோருடைய குரலுக்கும் அடியில் அம்மாவின் அழுகைச் சத்தம் கேட்டது. "என் புள்ளைய உட்றாதப்பா, என் புள்ளைய உட்றாதப்பா" என்று அம்மா கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கெஞ்சலைத்தான் ஹேமாவால் தாங்க முடியவில்லை. முட்டி மரத்துவிட்டது. ஏதாவது செய்தால்தான் இது முடியும் என்று தெரிந்தது. வாயைத் திறந்தாள். என்ன சொல்வது என்று மனம் தடுமாறியபோது, தினமும் ஸ்டாப்பிங்கில் ஷேர் ஆட்டோக்காரர்கள் கத்துகிற இடப்பெயர்கள்தான் முதலில் வந்து விழுந்தன. ஓ.டி., ஓ.டி., எஸ்டேட், எஸ்டேட், ஆவடி, ஆவடி. அதையே கொழகொழவென்று, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "டீயோ டீயோ லஸ்டே லஸ்டே லாவடி ஷாவடி" என்று வேகமாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல வேகம் கூடியது. அப்புறம் கூரை பெயர்ந்துவிடும் போல ஸ்தோத்திரம்.

அம்மா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இறங்கும்போது ஐந்து ரூபாய் சேர்த்துக் கேட்பான் என்று எந்த ஆட்டோக்காரனைப் பார்த்தாலும் சண்டைக்குப் போகிற வசந்தகுமாரி, ஆட்டோக்காரர்களின் பாஷையைக் கேட்டு அன்றைக்குத் தேம்பித் தேம்பி அழுதாள். கதை கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஹேமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் கண்ணீர் அவள் கழுத்தில் இறங்கியது. இனி இதை ஒருநாளும் திரும்ப எடுக்க முடியாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

மாடிப்படியில் அவளுக்கு மேல்படி கிடைத்தது, ஜெமிமாவுக்குப் பக்கத்தில். எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்கள். "கரண்ட் மாதிரி" என்றாள் ஹேமா. ஜெமிமா மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் பாஷை புதுசா இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஹேமாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இதற்குமேல் ஒரு இடி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஐயா பிரசங்கத்தில், எந்தப் பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு, ஆவியானவரோடு விளையாடுகிறவனுக்கு மட்டும் கிடையாது என்றார். பொதுவாகச் சொன்னதுதான். திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஹேமா கத்தவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அதுவரை அவள் அடையாளம் இல்லாதவள். கெஞ்சிக் கேட்டால் கிடைக்க ஒரு வழியாவது இருந்தது. இப்போது அந்த வழியையும் அவளே மண்ணைப் போட்டு மூடிவிட்டாள். பாடும்போது அவளும் கையை உயர்த்தினாள். உயர்த்தாவிட்டால் அம்மா திரும்பிப் பார்ப்பாள். உயர்த்தினால் மேலேயிருந்து ஒருவர் பார்ப்பார். இரண்டுக்கும் நடுவில் கை நடுங்கியது. அம்மா அதையும் அபிஷேகம் என்றே நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் ஸ்டாப்பிங்கில் ஜெமிமாவும் அவளும் சேர்ந்து நிற்க வேண்டியதாயிற்று. ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தவன், "ஓ.டி. ஓ.டி. எஸ்டேட் எஸ்டேட் ஆவடி" என்று தொண்டை கிழியக் கத்தினான். ஹேமாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. ஜெமிமா மெதுவாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்துகொண்டு, "வரலையா?" என்று மட்டும் கேட்டாள். "நடந்தே போறேன்க்கா" என்றாள் ஹேமா. அதற்குப் பிறகு ரொம்ப நாள் நடந்தே போனாள்.

மார்ச் மாதம் பரீட்சை நடந்தது. அன்றைக்கு அறிவியல். எழுதி முடித்துவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தாள். வெயிலில் தெரு வெறிச்சென்று கிடந்தது. கதவு திறந்திருந்தது. "அம்மா" என்றாள். பதில் இல்லை. வாசலில் அம்மாவின் செருப்பு இருந்தது. பக்கத்திலேயே, அரைநாள் பள்ளி முடிந்து வந்த சௌம்யாவின் ஸ்கூல் ஷூவும் இருந்தது.

உள்ளே போனாள். கூடத்தின் நடுவில் சௌம்யாவின் யூனிஃபார்ம் தரையில் வட்டமாகக் கிடந்தது. அதன் நடுவில் சாக்ஸ். ஆள் உள்ளேயிருந்து அப்படியே உருவிக்கொண்டு போன மாதிரி கிடந்தது. அந்தக் கழுதை தினமும் நின்ற இடத்தில்தான் அவிழ்த்துப் போடும் என்பது ஹேமாவுக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தெரியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சமையலறையில் ரசம் கொதித்துப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. கரண்டி தரையில் கிடந்தது. அலமாரியில் அம்மாவின் போன் இருந்தது.

குளியலறைக் கதவைத் தட்டினாள். அது தானாகத் திறந்துகொண்டது. உள்ளே யாரும் இல்லை.

கையிலிருந்த பரீட்சை அட்டை கீழே விழுந்தது. பையும் தோளிலிருந்து சரிந்தது. மாடிப்படி ஏறி, மேல் வீட்டுக் கஸ்தூரி ஆண்ட்டியின் கதவைத் தட்டினாள். கஸ்தூரி சபைக்காரி இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவள்.

"ஆண்ட்டி, எங்கம்மா எங்க?"

"தெர்லியேம்மா. மாவு ஆட்டிகினு இருந்தேன். உங்கம்மா திடீர்னு 'ஆண்டவரே'ன்னு ஒரு கத்து கத்துனா பாரு, தூக்கிவாரிப் போட்டுச்சு எனக்கு. மிஷின நிறுத்திட்டு எட்டிப் பாத்தா ஒருத்தரையும் காணோம். பாப்பாவையும் காணோம்." கஸ்தூரி கையில் மாவோடு அவளைப் பார்த்தாள். "ஏன், உன்கிட்ட சொல்லாம எங்க போச்சாம்?"

எங்கே போனாள் என்று ஹேமாவுக்குத் தெரிந்துவிட்டது.

இறங்கி வந்தாள். அழுகை வரவில்லை. உடம்பு பனிக்கட்டி மாதிரி இருந்தது. அம்மா போய்விட்டாள். பல் முளைக்காத சௌம்யா போய்விட்டாள். அப்பாவுக்குப் போன் செய்ய முடியாது. கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். செய்துதான் என்ன, அப்பாவும் இந்நேரம் மிஷினை ஓடவிட்டு மறைந்திருப்பார். உலகமே முடிந்துவிட்டது என்று நம்பிய அந்த நிலையிலும் அந்தப் பிள்ளை சமையலறைக்குப் போய் காஸை அணைத்தது. வளர்ப்பு அப்படி. பிறகு வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல், துப்பட்டா நழுவி வாசற்படியில் விழுந்ததையும் பார்க்காமல் தெருவில் இறங்கி ஓடினாள்.

பாஸ்டர் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. தார் ரோடு உள்ளங்காலைச் சுட்டது. எதிரே ஒரு தண்ணீர் கேன் வண்டிக்காரர் போனார். டீக்கடையில் நாலைந்து பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யாரும் சபைக்காரர்கள் இல்லை. மிச்சமிருக்கிறவர்கள் இவர்கள்தான், இனி நானும் இவர்களும்தான் என்று நினைத்துக்கொண்டே ஓடினாள். பாஸ்டர் வீட்டில் யாராவது இருந்தால் எல்லாம் பொய். யாரும் இல்லையென்றால் எல்லாம் உண்மை. வேறு எதையும் அவளால் யோசிக்க முடியவில்லை.

கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஜெமிமா வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஜெமிமா இருக்கிறாள் என்றால் வருகை வரவில்லை. அந்தச் சந்தோஷத்தில் திக்கித் திக்கிச் சொன்னாள்: "அக்கா... எங்க ஊட்ல யாரும் இல்லக்கா. அம்மா செருப்பு இருக்கு. சௌமி டிரஸ் கீழ கிடக்கு. அடுப்பு எரிஞ்சிகினு இருந்துச்சு. அம்மா 'ஆண்டவரே'ன்னு கத்துனாங்களாம். அப்புறம் காணோமாம்."

ஜெமிமா சிரித்திருக்க வேண்டும். 'லூசு, நான் இங்கதானே இருக்கேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஹேமா அதைத்தான் எதிர்பார்த்து அவள் முகத்தைப் பார்த்தாள். ஜெமிமாவின் கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. விருட்டென்று எழுந்து உள்ளே ஓடினாள். "மம்மி! மம்மி!" என்று ஒவ்வொரு அறையிலும் அவள் குரல் கேட்டது. போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "பூந்தமல்லில ஒரு வீட்டுக்கு ஜெபம் பண்ணப் போறோம்னு ரெண்டு பேரும் காலையிலயே போனாங்க. இன்னும் வரல" என்றாள். நம்பரை அழுத்தினாள். அவளுடைய அப்பாவின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அம்மாவின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது.

ஜெமிமா வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். "என்னைக்காவது இப்படித்தான் ஆகும்னு எனக்குத் தெரியும்."

"நீங்க எப்படிக்கா? உங்களுக்குத்தான் எல்லாம்..."

"ஒண்ணும் இல்ல. ஏழு வயசுல எல்லாரும் சுத்தி நின்னாங்க. பாஸ்டர் பொண்ணு, வரணும்ல? டாடி முகத்தப் பாத்தேன். வாய்க்கு வந்தத சொன்னேன். அன்னைலருந்து சொல்லிட்டே இருக்கேன்." அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "நீ சொன்னப்ப எனக்குப் புரிஞ்சிடுச்சு ஹேமா. என்னோடதும் பொய்னு உன்கிட்ட சொல்லிடலாம்னு எத்தன தடவ நெனச்சேன் தெரியுமா? ஒருவேள உனக்கு நெஜமாவே வந்திருந்தா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு."

ஹேமாவுக்கு இதைக் கேட்டு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம் இரண்டு மடங்காயிற்று. ஜெமிமா பக்கத்தில் இருப்பதைத்தான் வருகை வரவில்லை என்பதற்குச் சாட்சியாக நினைத்திருந்தாள். சாட்சியே கைவிடப்பட்டவள் என்றால் இனி எதைப் பிடிப்பது? இரண்டு பெண்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் பழைய பேப்பர்காரன் கூவிக்கொண்டு போனான். இனி யாரிடம் போவது, எங்கே தூங்குவது, என்ன சாப்பிடுவது என்று எதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த வயதில் அனாதையாவது எப்படி இருக்கும் என்று கேட்டால், ஹேமா இன்றைக்கும் அந்த வராந்தாவைத்தான் சொல்வாள்.

அப்போது தெருமுனையில் ஒரு ஓலம் கேட்டது. "ஹேமா! ஏ ஹேமா! என்ன உட்டுட்டுப் போய்ட்டியாடி!"

வசந்தகுமாரி வெறுங்காலோடு ஓடி வந்துகொண்டிருந்தாள். முந்தானை மண்ணில் புரண்டது. ஒரு கையில் ஹேமாவின் துப்பட்டாவைப் பந்தாகச் சுருட்டி வைத்திருந்தாள். இன்னொரு கை எதையோ இறுக்கி மூடியிருந்தது. அவளுக்குப் பின்னால் சௌம்யா மூக்கு வீங்கி, அழுது சிவந்த முகத்தோடு, தன்னால் முடிந்த வேகத்தில் ஓடி வந்தாள்.

வசந்தகுமாரி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள். நம்பாமல் பார்த்தாள். உள்ளே வந்து அவள் கன்னத்தைத் தொட்டாள், தோளை அழுத்தினாள், கையைக் கிள்ளினாள்.

"நீ கீறியாடி? இங்கதான் கீறியா?"

"நீ எங்கம்மா போன?" என்று ஹேமா வீறிட்டாள்.

அம்மாவுக்கு இப்போதுதான் அழுகை வந்தது. அழுகையும் மூச்சும் திட்டும் கலந்து விஷயம் வந்தது. சௌம்யா உளுந்து டப்பாவைக் கிளறியிருக்கிறாள். அதற்குள் ஒரு மூக்குத்தி. ஓட்டையே இல்லாத மூக்கில் அதை வைத்து அழகு பார்க்கப்போய், உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டாள். பாஷை பேசிய புனிதவதிக்கு மூக்குத்தி ஆசை வந்திருக்கிறது. அதில் என்ன தப்பு, எட்டு வயதுதானே. அம்மா அதைப் பார்த்து "ஆண்டவரே" என்று கத்திவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, செருப்பு போட மறந்து, அடுப்பை அணைக்க மறந்து, வந்த ஆட்டோவில் ஏறி டாக்டரிடம் ஓடியிருக்கிறாள். டாக்டர் ஒரு நிமிடத்தில் எடுத்துக் கையில் கொடுத்தார். திரும்பி வந்து பார்த்தால் கதவு திறந்திருக்கிறது. அடுப்பு அணைந்திருக்கிறது. ஹேமாவின் பை கூடத்தில் விழுந்து கிடக்கிறது. வாசலில் அவளுடைய செருப்பு. படியில் அவளுடைய துப்பட்டா. ஆள் இல்லை. பாஸ்டர் வீட்டில் யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று பார்க்க ஓடி வந்திருக்கிறாள்.

"உனக்கு இப்பத்தான் அபிஷேகம் வந்துச்சு. உன்ன எடுத்துக்கினார்னு நெனச்சேன். என்ன உட்டுட்டாருன்னு நெனச்சேன்" என்றாள் அம்மா. மூடியிருந்த கையைத் திறந்தாள். உள்ளங்கையில் ஒற்றைக்கல் மூக்குத்தி இருந்தது. "எங்கம்மா போட்டு உட்டது இது. ஞானஸ்நானம் எடுத்தப்ப வித்துட்டேன்னு பாஸ்டர் ஐயாகிட்ட சொன்னேன். சபைல பொய் சொன்னேன்டி. அன்னைலருந்து எக்காளம் ஊதுனா என்ன மட்டும் உட்டுட்டுப் போயிருவீங்கன்னு பயந்துகினேதான் கீறேன்."

ஹேமா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். கழுவின பாத்திரத்தைக் கவிழ்க்கும்போதுகூட ஸ்தோத்திரம் சொல்கிற அம்மா. கெஞ்சிக் கெஞ்சி மகளுக்கு அபிஷேகம் வாங்கிக்கொடுத்த அம்மா. குளியலறைக்குள் அம்மா இருக்கிறாளா என்று இவள் தட்டிப் பார்த்த நாளெல்லாம், உள்ளே இருந்தவளும் இதே பயத்தோடுதான் இருந்திருக்கிறாள்.

"எனக்கு வரலம்மா" என்றாள்.

"எது?"

"பாஷை. நீ அழுத. அதனால சும்மா சொன்னேன்."

அம்மா அடிப்பாள் என்று ஹேமா நினைத்தாள். ஜெமிமா தலையைக் குனிந்துகொண்டாள். மதிய வெயிலில் சௌம்யா மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

அம்மா துப்பட்டாவை உதறி ஹேமாவின் தோளில் போட்டாள். போட்ட கையை எடுக்கவில்லை.

"சரி உடு" என்றாள். "வருகை வந்தா வரட்டும். நாம ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருப்போம்."

ஹேமா அவள் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பயம் போய்விடவில்லை. அது இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை. ஆனால் தனியாக நிற்கிறோம் என்ற அந்த ஒன்று மட்டும் அந்த நிமிடத்தில் அவளை விட்டுப் போயிற்று.

பிறகுதான் வசந்தகுமாரி ஜெமிமாவைக் கவனித்தாள். பாஸ்டர் மகள் வராந்தாத் தரையில், விழுந்த துணிகளுக்கு நடுவில், போனை மடியில் வைத்துக்கொண்டு அழுதபடி உட்கார்ந்திருந்தாள். அவள் ஏன் அழுகிறாள் என்று வசந்தகுமாரி கேட்கவில்லை. முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீயும் எழுந்து வா பாப்பா" என்றாள். "மூணு பேராத்தான் இருப்போம்."